நிலை வைக்காத அறை

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். மூன்று நாள் மௌனப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஆசிரியர் இரண்டு காரியம் செய்யச் சொன்னார். ஒன்று, மனதில் ஓடுவதை ஒளிக்காமல் எழுதுவது. இன்னொன்று, தியானத்துக்கென்று தனியாக ஓர் இடம் அமைத்துக்கொள்வது. அதில் வேறெந்தக் காரியமும் நடக்கக் கூடாது. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகக் காலம் தள்ளியவன் நான். எதையும் ஒளிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேரைக் கூண்டில் பார்த்திருக்கிறேன். என் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒளிக்க என்னிடம் எதுவும் கிடையாது.

இடம் பார்த்துவிட்டேன். கொல்லையில் கொய்யா மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே சிறியதாக ஓர் அறை. ஆள் வைக்கப்போவதில்லை, என் கையாலேயே கட்டப்போகிறேன். உடல் உழைப்பும் தியானம்தான் என்று ஆசிரியர் சொன்னார். அதைச் சொன்ன கையில் ஒரு காய்ப்புக்கூட இல்லை. கவனித்தேன், பெரிதுபடுத்தவில்லை.

தனபாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "ரூம் ஒண்ணு சும்மாதான கெடக்கு. அதுல உக்காந்து கண்ண மூடுனா மூடாதா?"

அந்த அறையில் ஃபேன் கடகடவென்று சத்தம் போடும். பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அந்த அறையில் இருந்தவள் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வாய்தா கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஃபேன் சத்தத்தில் தியானம் செய்ய முடியாது. காரணம் அவ்வளவுதான்.

இருந்தவள் யார் என்று எழுத வேண்டியதில்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று போன வருடம் தை மாதமே முடிவாகிவிட்டது. மீனலோசனி. எழுதுவது வேறு, சொல்வது வேறு.

ஜூன் 8, ஞாயிறு

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தேன். கடப்பாரையைத் தூக்கிப் போட்டதும் அது என்னைத் தூக்கிப் போட்டது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அடுத்த வீட்டு ராயப்பன் மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். இப்போது லாரிகள் இல்லாததால் என்னைப் பார்க்கிறார்.

"என்ன சார், செப்டிக் டேங்கா?"

"தியான அறை."

குழியை எட்டிப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு சார் வீட்டுக்கு வெளியில போறீங்க? வீட்டுலதான் ரெண்டே பேராச்சே. எம்புட்டு அமைதி வேணும்?"

மௌனப் பயிற்சி உபயோகப்பட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அளவு: எட்டுக்குப் பத்து. முதலில் ஏழடிதான் நினைத்திருந்தேன். மனையடி சாஸ்திரப்படி ஏழு ஆகாதாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காலை நீட்ட வசதியாக இருக்கட்டுமே என்று எட்டாக்கினேன்.

ஜூன் 19, வியாழன்

ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன். மீனலோசனி என் மகள். ஒரே மகள். கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கிற எட்வின் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எதிர்ப்பு உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று இரண்டு பேர் பெயரையும் பதிவு ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் நான் தினமும் டீ குடித்தேன். ஊரில் உள்ள அத்தனை அறிவிப்பையும் படிப்பவன், அதை மட்டும் படிக்கவில்லை. கல்யாணத்தைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. டீக்கடைக்காரர் படித்திருக்கிறார், நான் படிக்கவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

"என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று போனில் சொன்னேன். அவளும் மிதிக்கவில்லை. சொன்ன சொல் கேட்காத பெண் இந்த ஒன்றை மட்டும் எழுத்துப் பிசகாமல் கேட்கிறாள்.

ஜூலை 2, புதன்

ஹாலோ பிளாக் நான்கு வரிசை வந்திருக்கிறது. தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தால் கிழக்குச் சுவர் வெளியே சாய்கிறது. குண்டில் ஏதோ கோளாறு. ராயப்பன் தன் வீட்டுக் குண்டைக் கொண்டுவந்தார். அதிலும் அதே கோளாறு. மூன்று வரிசையைப் பிரித்தேன்.

தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் எங்கள் சமையலறை ஜன்னல், கை எட்டுகிற தூரம். காற்று அங்கிருந்துதான் வருகிறது. ராயப்பன், காற்று மேற்கிலிருந்துதான் வரும் என்று வாதம் செய்தார். லாரிக்காரருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்.

ஜூலை 12, சனி

சுவர் முடிந்தது. தகரமும் போட்டாகிவிட்டது, ராயப்பன் ஒரு முனையைப் பிடித்தார். இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கையால் இதுவரை கேஸ் கட்டைத் தவிர எதையும் கட்டியதில்லை.

"சார், நிலை எங்க?" என்றார் ராயப்பன்.

வேப்ப மரத்தில் செய்த கதவு நிலை கொய்யாமரத்தடியில் சாத்தியிருந்தது. காட்டினேன்.

"அத மொதல்ல நிறுத்திட்டுதான சார் சுவர எழுப்புவாங்க?"

அப்படித்தானாம். யாரும் சொல்லவில்லை. நான் வாசலுக்கு வெறும் இடைவெளி விட்டுச் சுவரை முடித்துவிட்டேன். பரவாயில்லை, பக்கவாட்டில் கொத்திவிட்டு நிலையைச் செருகிக்கொள்ளலாம். அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த இடைவெளியும் வீட்டின் கொல்லைக் கதவும் தெருக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்து தெருவில் போகிற சைக்கிள்கூடத் தெரிகிறது. கவனம் சிதறும். கதவு சீக்கிரம் வேண்டும்.

ஜூலை 16, புதன்

மத்தியானம் சாப்பாட்டில் பாயசம். பண்டிகை இல்லை, யாருக்கும் பிறந்தநாள் இல்லை. "பால் மிச்சம் இருந்துச்சு" என்றாள் தனபாக்கியம். பால் மிச்சமானால் தயிர் ஆகும். பாயசத்தில் முந்திரியும் இருந்தது. அழுதவள் மாதிரி கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது.

நாளைக்கு நிலை வைக்கலாம் என்று இருக்கிறேன் என்றதும் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் நிலை வைப்பாங்களா? ஆவணி வரட்டும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. ஒரு மாதம்தானே.

ஜூலை 29, செவ்வாய்

தினமும் காலையில் உட்காருகிறேன். ஆசிரியர் மூச்சைக் கவனி என்றார். மூச்சு வருகிறது, போகிறது, புதிதாக ஒன்றும் இல்லை. பதினோரு மணி வாக்கில் மனம் நன்றாகக் குவிகிறது. அந்த நேரத்தில்தான் தனபாக்கியம் சமையலறையில் போன் பேசுகிறாள். யாரோடு என்று நான் கேட்பதில்லை. தானாகக் காதில் விழுவதை என்ன செய்வது. காலையில் எழுந்ததும் வாந்தியாம். மாங்காய் பிடிக்கவில்லையாம், அதிசயமாக நாக்கு உப்புக்கடலை கேட்கிறதாம். அந்தப் பையன் தோசை ஊற்றக் கற்றுக்கொண்டானாம், கல்லிலிருந்து எடுக்கத்தான் வரவில்லையாம்.

ஆரம்பத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டுக் காய் நறுக்குகிறாள். இவளுக்குக் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. "நாளைக்கு நிலை வைக்கிறேன்" என்றேன்.

தனபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். "வைக்காதீங்க."

"ஆடிதான் முடிஞ்சிருச்சே."

"ஆடிய நான் சாக்காத்தான் சொன்னேன். அது உங்களுக்கும் தெரியும். லோசனி மாசமா இருக்கா. அஞ்சாம் மாசம் நடக்குது. வீட்டுப் பொண்ணு வயித்துல புள்ளையோட இருக்கையில அந்த வீட்டுல நிலை வைக்க மாட்டாங்க."

"அவ இந்த வீட்டுப் பொண்ணு இல்லையே." சட்டப்படி இது பலமான வாதம்.

"அப்ப வைங்க. தாராளமா வைங்க." குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்தத் தம்பிக்கு அம்மா கெடையாது. அங்க ஆக்கிப்போட ஆளு கெடையாது. தலப்பிரசவம். ஏழாம் மாசம் வளையல் போட்டு இங்கிட்டுக் கூட்டியாரலாம்னு இருந்தேன். நிலை வச்சீங்கன்னா அவளக் கூட்டியார மாட்டேன். நான் அங்க போயிருவேன். நீங்க கதவ நல்லாச் சாத்திக்கிட்டு உக்காருங்க. ஒரு சத்தம் இருக்காது."

நான் கொல்லைக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மரம் இன்னும் சரியாகக் காயவில்லை. ஈரத்தோடு நிலை வைத்தால் பின்னால் கோணிக்கொள்ளும். ஆகவே வேலை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராயப்பன் வந்து நிலையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இதுவா சார் காயல? டங் டங்குன்னு சத்தம் வருது. இதுக்கு மேல காஞ்சா அடுப்புலதான் வைக்கணும்."

"வேப்ப மரம் வெளியே காஞ்ச மாதிரி தெரியும். உள்ளே ஈரம் இருக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா சார், சில மரம் அப்படித்தான்" என்றார். பிறகு, "லோசனிப் பாப்பா எப்ப வருது?"

"கேஸ் நிலுவையில் இருக்கு" என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மனுதாரர் இன்று மறுபடியும் ஆஜர். சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள். "அவளக் கூட்டியாரவா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"வாய்தா."

"நீங்க வாய்தா குடுப்பீங்க. வயித்துல இருக்கிறது வாய்தா வாங்காது."

ரசம் ஊற்றாமலே போய்விட்டாள்.

சட்டச் சிக்கல் என்னவென்றால், 'வாசப்படி மிதிக்கக் கூடாது' என்று உத்தரவு போட்டவன் நான். போட்டவனே எப்படி ரத்து செய்வது? மேல்முறையீட்டுக்கு மேலே ஒரு கோர்ட் வேண்டும். இந்த வீட்டில் எனக்கு மேல் கோர்ட் இல்லை. இருப்பதாக ஒருத்தி நடந்துகொள்கிறாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மழை. வாசல் இடைவெளி வழியாகச் சாரல் உள்ளே வந்து பாய் நனைந்துவிட்டது. கோணிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டேன். காற்று அடிக்கும்போது சாக்கு முகத்தில் அடிக்கிறது. கழற்றிவிட்டேன். நனைந்துகொண்டே உட்கார்ந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பதினோரு மணி. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர் போன் அதன் இடத்தில்.

"அடுத்த வாரம் வளையல் போட்டுட்டு அப்படியே கூட்டியாந்துருவேன்" என்றாள் தனபாக்கியம்.

"அப்பா கூப்டாரா?" லோசனியின் குரல். மூச்சு வாங்கப் பேசுகிறாள்.

"கூப்டுவாரு."

"கூப்டட்டும்மா. அதுவரைக்கும் நான் வர மாட்டேன். வந்தபெறகு அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா என்னால தாங்க முடியாது. முன்னெல்லாம் தாங்குவேன். இப்ப முடியாது."

காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. சமையலறை ஜன்னலில் தனபாக்கியம் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிய வாய், கீல் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு முயன்றும் வந்தது ஒரு இருமல்தான்.

"கேட்டியா? அப்பா இருமுறாரு" என்றாள் தனபாக்கியம்.

"இருமலா, சம்மதமா?"

"அடியே, அந்த வாயிலருந்து வர்ற பெரிய உத்தரவே அதுதாண்டி."

சிமெண்ட் தூசி தொண்டையில் போய்விட்டது, அதனால் வந்த இருமல் அது. மூன்று மாதமாகச் சிமெண்ட் வேலை நடக்கவில்லை என்பது உண்மைதான். தூசி தங்கும்.

அக்டோபர் 16, வியாழன்

ராயப்பனிடம் ஏணி இரவல் வாங்கினேன். வீட்டுக்குள் சின்ன வேலை. விவரம் எழுதும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

நாளைக்கு அம்மன் கோயிலுக்குப் போகிறாளாம் தனபாக்கியம். பஸ்ஸில் போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் வருவாளாம். அம்மனுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று இன்றே தாளிதமும் பொடியும் கட்டிவைக்கிறாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். அம்மன் கைக்கு எத்தனை அளவு என்று கடைக்காரர் கேட்டபோது, "போன தடவையவிட இப்பக் கொஞ்சம் பெருசா குடுங்க, கை வீங்கியிருக்கு" என்றாளாம். ராயப்பன் சம்சாரம் சொல்லி, ராயப்பன் சொல்லி, என் காதுக்கு வந்தது.

நான் எதிலும் தலையிடவில்லை. புளிக்காய்ச்சலைப் பார்த்தபோது மட்டும், "இதுல கடலையை எடுத்துரு. அம்மன் கடலை போட்டா சாப்பிடாது. ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சிரும்" என்றேன்.

தனபாக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகக் கடலையைப் பொறுக்கினோம்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையிலேயே அறைக்குப் போய்விட்டேன். இன்று நீண்ட தியானம் செய்வது என்று முடிவு. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பது எனக்குத் தெரியக் கூடாது. தெரியாதவரை என் உத்தரவும் மீறப்படாது. கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

கார் வந்து நின்றது. இரும்புக் கேட் திறந்தது. "மாப்ள, பைய அப்புறம் எடுத்துக்கலாம், அவ கையப் பிடிங்க" என்று தனபாக்கியத்தின் குரல். ராயப்பன் சம்சாரம் ஆரத்தித் தட்டுடன் நின்றாள். வாசலில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. படி ஏறத் தயங்கினாள் போல. பிறகு ஏறினாள்.

வலது காலைத்தான் முதலில் வைத்தாள். மஞ்சள் சேலை. பாதம் நன்றாக வீங்கியிருக்கிறது. இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம்வரை வளையல். அந்தப் பையன் ஒல்லி, செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். நான் கண்ணை மூடியிருந்தபடியால் வேறெதுவும் தெரியாது.

வளையல் சத்தம் வீட்டுக்குள் வந்தது. கூடத்தில் நின்றது. சமையலறையில் நின்றது. கொல்லைக் கதவைத் தாண்டி மெதுவாக வந்து என் அறைக்கு முன்னால், நிலை இருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. இப்போது கண்ணை உண்மையாகவே மூடிக்கொண்டேன்.

"அப்பா."

நான் அசையவில்லை.

"இதுக்கு நிலையே வைக்கலையாப்பா?"

மரம் காயவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள், உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. "சரி, நீங்க தியானம் பண்ணுங்க. நான் உள்ள போறேன்" என்றாள். வளையல் சத்தம் திரும்பியது.

"உன் ரூம்லயே படு" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. "ஃபேனுக்குப் பேரிங் மாத்திட்டேன். இப்ப சத்தம் வராது."

சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை. அவள் போன பிறகு ஆசிரியர் சொன்னபடி மூச்சைக் கவனித்தேன். அது ஒழுங்காக வரவில்லை. ராயப்பன் மதில்மேல் வைத்திருந்த முகவாயை மெல்ல எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நல்ல மனிதர்.

அக்டோபர் 25, சனி

லோசனிக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம். கேட்டால், ரூம் ரொம்ப அமைதியாக இருக்கிறதாம், அந்தக் கடகட சத்தம் இல்லாமல் கண் மூடவே வரவில்லையாம். பத்து வருடம் புகார் சொன்னவள் இவள்தான்.

இன்று தியானம் இல்லை. காலையிலிருந்து பழைய பேரிங்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தூக்கிப்போட்ட ஞாபகம் இல்லை. ராயப்பனிடம் ஏணியை மறுபடி கேட்டிருக்கிறேன்.